அந்தத் தொப்பியை நான் வாங்கவில்லை

என் பெரியப்பச்சியின் அறுபதாம் சாந்திக்கு அச்சடித்த பத்திரிகையில் ஒரு வரி இருந்தது: "காலை பதினொரு மணிக்குக் கேப்டன் தொப்பி மாற்றும் வைபவம்." எந்த விமானக் கம்பெனியிலும் இப்படி ஒரு வைபவம் கிடையாது. உலகத்தில் எங்குமே கிடையாது. எங்கள் குடும்பம் மட்டும்தான் அதை நம்பியது, அச்சடித்தது, வெற்றிலை பாக்கு வைத்து வீடு வீடாகப் போய் அழைக்கவும் செய்தது.

பெரியப்பச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அப்பாவின் அண்ணன். திருமயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வியாபாரக் குடும்பம் எங்களுடையது. மற்றவர்கள் எல்லாரும் கடை, ஏஜென்சி என்று போனபோது அவர் ஒருவர் விமானம் ஓட்டப் போனார். இரண்டாவதாகப் போனது நான். இருவருக்கும் ஒரே கம்பெனி. அவர் இடது இருக்கையில் உட்காரும் கேப்டன், தோளில் நாலு பட்டை. நான் வலது இருக்கையில் உட்காரும் கோ-பைலட், மூணு பட்டை. அந்த நாலாவது பட்டை வெறும் நூல்தான். அதற்காக நான் ஒன்பது வருடம் காத்திருந்தேன்.

எதற்காகக் காத்திருப்பது என்று கேட்பவர்கள் உண்டு. கேப்டன் ஆவதற்குப் பரீட்சை எழுத வேண்டும், இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும், சோதித்துப் பார்ப்பவர் தலையாட்ட வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் போதாது, இடது இருக்கை ஒன்று காலியாக வேண்டும். புது விமானம் வந்தால் இருக்கை வரும். இல்லாவிட்டால் உட்கார்ந்திருப்பவர் எழ வேண்டும். அடுத்தது யார் என்பதை, வேலையில் சேர்ந்த தேதி தீர்மானிக்கும். அதற்கு சீனியாரிட்டி லிஸ்ட் என்று பெயர். ரேஷன் கடை வரிசைதான், வேறொன்றுமில்லை. முன்னால் நிற்பவர் நகர்ந்தால்தான் நம் பை நகரும்.

புது விமானங்கள் இன்று வரும் நாளை வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், வரவில்லை. ஆகவே வலது பக்கம் உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லாரும் ஓய்வு பெறப்போகிறவர்கள் மேல் ஒரு கண் வைத்திருந்தோம். அது அழகான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். எந்தக் கேப்டனுக்கு எந்த மாதம் பிறந்தநாள் என்று மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தேன், வாழ்த்துச் சொல்வதற்காக அல்ல.

எங்கள் கம்பெனியில் அறுபது வயதில் ஓய்வு. அடுத்த ஒரு வருடத்தில் அறுபதைத் தொடுகிறவர்கள் எழுந்தால் என் முறை வந்துவிடும். அவர்களில் பெரியப்பச்சியும் ஒருவர். இதை ஒருநாள் ஆத்தாவிடம், அதாவது என் அம்மாவிடம், சொல்லித் தொலைத்தேன். "பெரியப்பச்சி மாதிரி ஆளுங்க எறங்குனா எனக்கு எடம் கெடைச்சிரும் ஆத்தா" என்றேன். அதுதான் வினை.

ஆத்தாவுக்கு அதில் விளங்கியது ஒன்றே ஒன்று: பெரியப்பச்சியின் இடம் எனக்கு வரப்போகிறது. ஆத்தாவைக் குறை சொல்ல முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்திய வீடு. கல்லாவில் இருப்பவர் எழுந்தால் அடுத்து உட்காருவது வீட்டு ஆள்தான் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஒரு வாரத்துக்குள் சொந்தம் முழுக்கப் பரவிவிட்டது. அயித்தை ஒருவர் போன் செய்து, "குடுத்து வச்சவ நீ. வெளியாள் கைக்குப் போகாம பாத்துக்கிட்டாரு பாரு" என்றார்.

"அது கடை இல்லைங்க. பட்டியலு. அவரு எறங்குனா எனக்கு முன்னால நிக்கிற ஆளுக்குத்தான் போகும். அவருக்கு அப்புறம் இன்னொருத்தர். அப்புறம்தான் நான்."

"ஆமா ஆமா" என்றார் அயித்தை. "அவரு ஒரு வார்த்தை சொன்னா தராமயா போயிருவாங்க?"

நான் சொல்லச் சொல்ல அவர்களுக்கு அது தன்னடக்கமாகத்தான் பட்டது. சாந்தியன்று எல்லார் முன்னிலையிலும் பெரியப்பச்சி தன் தொப்பியை எடுத்து என் தலையில் வைக்க வேண்டும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். பெரியப்பச்சிக்கு நிஜம் என்ன என்று என்னைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் அவர் மறுக்கவில்லை. அந்தக் காட்சி அவருக்குப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். எப்படியும் முறை வரத்தானே போகிறது, தொப்பி நாலு மாதம் முன்னால் வந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

சாந்திக்கு நாலு நாள் இருக்கும்போது வீட்டைத் திறந்தோம். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு அது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற பங்காளிகள் விசேஷத்துக்கு மட்டும் வந்து திறப்பார்கள். நடு முற்றத்தைச் சுற்றி ஓடும் வளவில் ஆள் ஏறித் தூண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் போனில் கம்பெனியின் சர்க்குலர் வந்தது. ஓய்வு வயது இனி அறுபத்தைந்து.

அரசாங்க விதி ஏற்கெனவே அறுபத்தைந்து வரை அனுமதித்தது. எங்கள் கம்பெனிதான் அறுபதில் நிறுத்தி வைத்திருந்தது. அனுபவசாலிகளான கேப்டன்களை இழக்க மனமில்லை என்று உருக்கமாக எழுதியிருந்தார்கள். கோ-பைலட் என்ற சொல் அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

அந்த வருடம் எழ வேண்டிய ஒருவரும் இனி எழ மாட்டார்கள். அடுத்த வருடமும் அதே கதை. எனக்கு அப்போது முப்பத்தாறு. புது விமானம் வராவிட்டால் என் முறை வரும்போது நாற்பத்தொன்று. வளவின் நடுவில் நின்று சத்தமாகவே திட்டினேன். என்ன சொல்லித் திட்டினேன் என்பது வேண்டாம். ஏணிமேல் இருந்தவர் தூண் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார்.

வீட்டில் மற்றவர்களுக்கு அது தீபாவளி. "சாந்திக்குச் சாமி குடுத்த பரிசு" என்றார்கள். பெரியப்பச்சிக்கு அஞ்சு வருஷம் கூடக் கிடைத்துவிட்டதே! பந்தல்காரரிடம்கூடச் சொன்னார்கள். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப அந்தத் தொப்பி?" என்று ஆத்தாவிடம் கேட்டேன். "பத்திரிகையில போட்டாச்சே."

"அதுக்கென்ன? போட்டோவுக்கு ஒன் தலையில வைப்பாரு. பந்திக்கு அப்புறம் திருப்பி வாங்கிக்கிருவாரு. அஞ்சு வருஷம் போனா நெசமாவே ஒனக்குத்தானே?"

மறுநாள் காலையில் வீட்டு முகப்பில் பெரியப்பச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"சந்தோஷமாங்க?"

"இல்லைன்னு சொன்னா பொய்யி" என்றார். "ஒனக்குக் கஷ்டம்தான், தெரியாம இல்லை. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. ஒனக்கும் அறுபத்தஞ்சு வரைக்கும் உண்டுல்ல? முன்னால போனது பின்னால வந்துரும்."

இந்த நியாயத்தை அந்த வாரத்தில் எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. முப்பத்தாறிலிருந்து நாற்பத்தொன்று வரைக்குமான அஞ்சு வருஷமும், அறுபதிலிருந்து அறுபத்தைந்து வரைக்குமான அஞ்சு வருஷமும் ஒன்றாம். மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறினால் வீட்டுக்குப் போக வேண்டிய தொழில் எங்களுடையது. கடைசியில் தருகிறோம் என்பது, இலையை எடுத்த பிறகு பாயசம் வரும் என்று சொல்வது மாதிரி. அதோடு, கேப்டன் ஆன பிறகுதான் பயிற்சி கொடுக்கிற கேப்டன் ஆக முடியும், அடுத்தவரைச் சோதிக்கிற கேப்டன் ஆக முடியும், வேறு கம்பெனியின் கதவையும் தட்டிப் பார்க்க முடியும். முதல் படியில் அஞ்சு வருஷம் நின்றால் மேலே இருக்கிற எல்லாப் படியும் அஞ்சு வருஷம் தள்ளிப் போகும். எனக்குப் பின்னால் நிற்பவர்கள் என்னைவிடப் பாவம். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, வலது இருக்கைகூடக் கிடைக்காமல் வீட்டில் இருக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

"நான் நாப்பத்திரண்டுலதான் கேப்டன் ஆனேன்" என்றார் பெரியப்பச்சி. "அப்பல்லாம் விமானமே ஏது? பொறுமையா இருக்கலையா?"

"நீங்க பட்டினி கெடந்தீங்கன்னு நானும் கெடக்கணுமாங்க?"

பேப்பரை மடித்தார். "வயசானவன் ஓட்டக் கூடாதுங்கிறியா?"

"அப்படி நான் சொல்லவே இல்லைங்க."

உண்மையாகவே நான் அப்படிச் சொன்னதில்லை. வயதானால் கை நடுங்கும், கண் மங்கும் என்று சில கோ-பைலட்டுகள் வாட்ஸ்அப் குழுவில் எழுதியபோது சண்டை போட்டவள் நான்தான். கொட்டுகிற மழையில், குறுக்குக் காற்றில் பெரியப்பச்சி விமானத்தை இறக்குவதை வலது பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். என்னைவிட நன்றாகத்தான் இறக்குவார். என் சண்டை அவர் கையோடு அல்ல. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவரிடமிருந்து எடுத்தார்களே, எடுத்ததை ஒப்புக்கொள்ளவாவது செய்தார்களா?

"அறுபது தாண்டுன கேப்டன் தனக்குப் பக்கத்துல அறுபதுக்கு உட்பட்ட ஆளு இல்லாமப் பறக்கக் கூடாது. விதி ஒங்களுக்குத் தெரியும்" என்றேன். "இனிமே நீங்க ஓட்டணும்னா வலது பக்கம் என்னை மாதிரி ஒருத்தரு ஒக்காந்தே ஆகணும். இந்த அஞ்சு வருஷத்தைக் குடுத்தது கம்பெனி இல்லைங்க, நாங்க. எங்களை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

அவர் தெருப் பக்கம் திரும்பினார். ஒரு டிராக்டர் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போனது. "வீட்ல ஒக்காந்து நான் என்ன செய்வேன்? நீயே சொல்லு" என்றார்.

அந்த நாலு நாளில் அவர் பேசியதிலேயே நெஞ்சிலிருந்து வந்தது அது ஒன்றுதான். எனக்குப் பாவமாக இருந்தது. அவர் பயந்திருந்தார். சட்டையில் பட்டை இல்லாத ஒரு திங்கட்கிழமையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவருடைய திங்கட்கிழமைகளுக்கு என் வயதை எடுத்துக் கொடுக்க நான் தயாராக இல்லை. அதை அவரிடம் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டேன். அங்கேயே சொல்லியிருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காது என்று ஆத்தா இன்றைக்கும் சொல்வார்.

சாந்தியன்று காலையில் வீடு கொள்ளாத கூட்டம். பெரியப்பச்சிக்கும் அவர் மனைவி பெரியாத்தாவுக்கும் கலச நீர் ஊற்றினார்கள். இருவரும் புதுப் பட்டு மாற்றி வந்ததும், பெரியாத்தாவுக்கு மறுபடியும் திருப்பூட்டித் தாலி ஏறியது. சின்னவர்கள் எல்லாரும் விழுந்து கும்பிட்டோம். நானும் விழுந்து கும்பிட்டேன், மனதாரத்தான். அதன் பிறகு மைக்கில் வைபவத்தை அறிவித்தார்கள். வெள்ளித் தட்டில் பழம், வெற்றிலை, நடுவில் கேப்டன் தொப்பி. யார் சொன்னார்களோ, மேளக்காரர் கெட்டிமேளமே கொட்டிவிட்டார். வேறு நாளாக இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"குனிம்மா" என்றார் பெரியப்பச்சி, தொப்பியைக் கையில் எடுத்து.

நான் குனியவில்லை.

"வேண்டாங்க. போட்டோவுக்குத் தொப்பி வேண்டாம்" என்றேன். பக்கத்தில் மைக் இருந்ததைக் கவனிக்கவில்லை என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். கவனித்திருந்தேன்.

அடுத்து நான் பேசியது புரிய வேண்டுமானால் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மகனுக்குக் கல்யாணம் ஆகிச் சில மாதம் போனால் எங்கள் ஆட்கள் அவனை 'வேறு வைப்பார்கள்'. வீட்டை விட்டு அனுப்புவது இல்லை. அதே கூரைக்குக் கீழே தனி அறை, தனி அடுப்பு, தனி உலை. அன்றிலிருந்து அந்தச் சோடி தனிப் புள்ளி, கோயிலிலும் ஊரிலும் தனியாக எண்ணப்படுகிற ஒரு குடும்பம். மாமியார் ஓடியாடி வேலை செய்கிற காலத்திலேயே மருமகளுக்கு அடுப்பைக் கொடுத்துவிட வேண்டும். அது தியாகம் என்று ஒருவரும் பேசுவதில்லை, முறை என்றுதான் சொல்வார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். முப்பத்தாறு வயதில் எனக்குப் புள்ளியும் இல்லை, பட்டையும் இல்லை.

"மருமக வந்து ஆறு மாசத்துல இந்த வீட்ல தனி அடுப்புக் குடுக்குறீங்க" என்றேன். "மாமியாருக்குக் கை கால் விழட்டும், அப்புறம் பாப்போம்னு இங்க ஒருத்தரும் சொன்னதில்லை. எனக்கு ஒம்பது வருஷம் ஆச்சு. ஒலை வைக்கத் தெரியும், வடிக்கத் தெரியும்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. அடுப்பை மட்டும் காட்டிட்டு எடுத்துக்கிறீங்க. இப்பத் தொப்பியையும் காட்டிட்டு எடுத்துக்கிருவீங்க. எனக்கு அது வேண்டாங்க. என் முறைதான் வேணும்."

பெரியப்பச்சி கையில் இருந்த தொப்பியை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஈரம் காயாத தன் தலையிலேயே வைத்துக்கொண்டார். போட்டோக்காரர் பழக்க தோஷத்தில் அதையும் எடுத்துவிட்டார். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது, நான் முழங்கை வரைக்கும்தான் தெரிவேன்.

ஆத்தா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "சபையில மானத்தை வாங்கிட்டியே! பெரிய மனுஷன் கையைத் தட்டிவிட்டுட்டு நிக்கிறியே!"

"கையைத் தட்டலை ஆத்தா. தலையைக் குனியலை. அம்புட்டுத்தான்."

பந்தியில் எனக்கு இரண்டு பக்கமும் யாரும் உட்காரவில்லை. பட்டுப் புடவை சரசரக்கப் பெரியாத்தா தானே பணியாரத் தட்டோடு வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். இலையில் இரண்டு பணியாரத்தை வைத்துவிட்டு, குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஒனக்கு மட்டுமா அஞ்சு வருஷம்? இவரு எறங்கட்டும்னு நானும்தான் காத்துக் கெடந்தேன்" என்றார். நான் நிமிர்வதற்குள் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

வீராப்பாகப் பேசியது பேசியாயிற்று. ஆனால் பேச்சுக்கு யாரும் இருக்கை தர மாட்டார்கள். சென்னைக்குத் திரும்பிய வாரமே இன்னொரு வேலையைச் செய்தேன். எங்கள் கம்பெனியில் சின்ன ஊர்களுக்குப் போகிற, புரொப்பெல்லர் சுற்றுகிற சின்ன விமானங்களும் உண்டு. அதற்குக் கேப்டன்கள் போதவில்லை. பெரிய ஜெட் விமானத்தில் இருக்கிற கோ-பைலட் யாரும் அங்கே போக மாட்டார்கள், அது இறக்கம் என்று பேச்சு. போனால் ஜெட் வரிசையில் இத்தனை வருடம் நின்ற இடம் போய்விடும். திரும்பி வந்தால் வாலில்தான் நிற்க வேண்டும். எல்லாம் தெரிந்துதான் விண்ணப்பம் போட்டேன். அதிகாரி மூன்று தடவை, "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டார். மூன்று தடவையும் யோசித்ததாகச் சொன்னேன்.

ஆத்தாவிடம் சொன்னபோது, "காரை வித்துட்டு ஷேர் ஆட்டோ வாங்குன கதையா இருக்கு" என்றார்.

"ஆட்டோதான் ஆத்தா. ஆனா ஹேண்டில் பாரு என் கையில."

பெரியப்பச்சியும் போன் செய்தார். சாந்திக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. "அவசரப்பட்டுட்ட. கொஞ்சம் பொறுத்தா புது விமானம் வந்திருக்கும்" என்றார்.

"வந்துருச்சாங்க?"

"இன்னும் இல்லை" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். கோபம் போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. எனக்குப் போகவில்லை. சர்க்குலர் நியாயமில்லை என்று இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன். அது நியாயமாக இருந்திருந்தால் ஒன்பது வருடம் நின்ற வரிசையை விட்டுவிட்டுப் பக்கத்துச் சந்தில் நான் நுழைய வேண்டியிருந்திருக்காது.

அந்தச் சின்ன விமானத்தைப் படித்தேன். தரையிலேயே நிற்கிற பயிற்சிக் கூண்டான சிமுலேட்டரில் என்ஜின் எரிந்தது, நின்றது, சக்கரம் இறங்க மறுத்தது, எல்லாவற்றையும் சமாளித்தேன். கடைசியில் ஒருநாள், சோதிப்பவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைகொடுத்தார். நாலாவது பட்டையைத் தைத்தவர் எங்கள் தெரு டெய்லர். "மூணுக்கும் நாலுக்கும் என்னங்க வித்தியாசம்?" என்றார். நிறைய என்றேன்.

கேப்டனாக என் முதல் வாரத்திலேயே சென்னையிலிருந்து திருச்சிக்குப் பறக்க ரோஸ்டரில் முறை வந்தது. காலை நேரம். கிழக்கிலிருந்து மேற்காக இறங்கினோம். வலது இருக்கையில் இருந்த வருடங்களில் இந்த வழியாக எத்தனையோ தடவை இறங்கியிருக்கிறேன். வலது ஜன்னலில் எப்போதும் வடக்குப் பக்கம், ஆறும் ஊரும்தான் தெரியும். அன்றைக்குத்தான் என் ஜன்னலில் தெற்கு இருந்தது. தூரத்தில் நார்த்தாமலைப் பாறைகள், அதற்கு அங்கிட்டுப் புகை மாதிரி எங்கள் ஊர்ப் பக்கம். ஒரு கண்ணால் பார்த்துவிட்டு வேலையைக் கவனித்தேன். சக்கரம் தரையைத் தொட்டது கொஞ்சம் அழுத்தமாகத்தான் இருந்தது, பெரியப்பச்சி இன்னும் மெதுவாக வைத்திருப்பார். எனக்குக் கவலையில்லை. அது நான் இறக்கியது.

பயணிகள் இறங்கிப் போனார்கள். என்ஜின் நின்றுவிட்டது. வலது பக்கம் இருந்த கோ-பைலட் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இருபத்தைந்து வயதுப் பெண், கீரமங்கலத்துக்காரி. சாந்தியில் நடந்தது கம்பெனி முழுக்கத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருந்தது. பேப்பர்களை அடுக்கிக்கொண்டே, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கேப்டன், ஒண்ணு கேக்கலாமாங்க? நீங்க அறுபதுல எறங்கிருவீங்களா?"

உட்கார்ந்து நாலு நாள்கூட ஆகாத அந்த இருக்கை அதற்குள் முதுகுக்குப் பழகிவிட்டிருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அஞ்சு வருஷம் கூட இருந்தால்தான் என்ன என்று என் மனசு கேட்டது. அந்த நொடிக்காக எனக்கு வந்த வெட்கம் சாந்தி வீட்டில்கூட வரவில்லை.

"எறங்கிருவேன்" என்றேன். "எறங்கலைன்னா நாலு பேருக்கு முன்னாடி வச்சு என்னைக் கேளு."